310-ஆம் கிலோமீட்டரில் நின்றது எது?

கேள்வி: எனக்கு 43 வயது. அலுவலக வேலை. மூன்று ஆண்டுகளாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன். 200, 300 கி.மீ. பிரெவேக்களை (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்கள்) நேரத்துக்குள் முடித்திருக்கிறேன். போன மாதம் 400 கி.மீ. முயன்றேன். காலை 6 மணிக்குப் புறப்பட்டு, வேகமான ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டு, முதல் 200 கி.மீ.யை 8 மணி 10 நிமிடத்தில் தாண்டினேன். அதன் பிறகு வேகம் விழுந்துவிட்டது. இரவு 1.30-க்கு 310-ஆம் கி.மீ. கண்ட்ரோலை, அதாவது வழியில் நேரத்துக்குள் வந்து முத்திரை வாங்க வேண்டிய இடத்தை, அடைந்தேன். வாந்தி. 75 நிமிடம் உட்கார்ந்து யோசித்துவிட்டு விலகிக்கொண்டேன். வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன. 16 வாரத்தில் ஒரு 600 வருகிறது. அதற்கு முன், ஒன்பதாவது வாரத்தில், இன்னொரு 400. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் ஒதுக்க முடியும். வீட்டில் இரண்டு குழந்தைகள். ஞாயிறு முழுவதும் நான் காணாமல் போவதற்கு இப்போதே முகச்சுளிப்பு இருக்கிறது. கால்களை எப்படி வலுப்படுத்துவது? வாராவாரம் 300 கி.மீ. ஓட்டலாமா? மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் வாங்க வேண்டுமா? இரவெல்லாம் விழித்திருந்து பழக வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம், மேலே இருப்பது அதன் சுருக்கம். அந்த இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் தொடைத் தசை, மிதிக்கும் வேகம், பவர் மீட்டர் என்று கால்களைச் சுற்றியே போகிறது. வாந்திக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இடம் ஒரே ஒரு சொல். விரல்களுக்கு ஒரு வரி. எனக்கு அந்தச் சொல்லும் அந்த வரியும்தான் கடிதமாகத் தெரிந்தன, மற்றதெல்லாம் உறை.

நீங்கள் இணைத்திருந்த ஜிபிஎஸ் பதிவை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முதல் 200 கி.மீ.யில் நீங்கள் நின்றது 50 நிமிடம், சக்கரம் உருண்டது 7 மணி 20 நிமிடம். மணிக்கு 27 கி.மீ.க்குச் சற்று மேல். அடுத்த 110 கி.மீ.க்குச் சக்கரம் உருண்டது 7 மணி நேரம். மணிக்கு 16 கி.மீ. கூட இல்லை. நின்ற நேரம் 4 மணி 20 நிமிடம். ஒரே நாளில், ஒரே சைக்கிளில், இரண்டு வேறு மனிதர்கள் ஓட்டியதுபோல் இருக்கிறது.

இப்போது வேறொரு கணக்கு. 400 கி.மீ. பிரெவேக்கு எந்த நாட்டில் ஓட்டினாலும் கெடு 27 மணி நேரம். முதல் கிலோமீட்டரிலிருந்து மணிக்கு 23 கி.மீ. என்று நீங்கள் நிதானமாகப் போயிருந்தால் 400 கி.மீ.யும் உருள்வதற்குப் பதினேழரை மணி நேரம் போதும். அதன் மேல் ஐந்து மணி நேரம் தாராளமாக நின்றாலும் நாலரை மணி நேரம் கையில் மிஞ்சும். அதாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கால்களே 400-க்குப் போதும். 600-க்கும் போதும் என்று சொல்வேன். அங்கே கெடு 40 மணி நேரம். மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் 600 கி.மீ.க்கு 27 மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும்; சாப்பாடு, கழிப்பறை, பஞ்சர் எல்லாவற்றுக்கும் ஐந்து மணி நேரம் ஒதுக்கினாலும், தூங்குவதற்கென்று ஏழரை மணி நேரம் இருக்கிறது. அவ்வளவும் தூங்கச் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்கிறேன்.

கொஞ்சம் வலிக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. 310-ஆம் கி.மீ.யில் நீங்கள் வந்து இறங்கியபோது மணி 1.30. அடுத்த கண்ட்ரோல் 352-இல் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 15 கி.மீ. என்ற வழக்கமான அளவின்படி அது மூடுவது காலை 5.28-க்கு. 42 கி.மீ.யை மணிக்கு 16 என்று ஊர்ந்தே போனாலும் 2 மணி 38 நிமிடம். ஆக, இறங்கிய அந்த நொடியில் உங்களிடம் 80 நிமிடம் இருப்பில் இருந்தது. அதில் 75 நிமிடத்தைத்தான் போவதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசித்துச் செலவழித்திருக்கிறீர்கள். அதே நேரம் படுத்திருந்தால் ஒரு தூக்கம் கிடைத்திருக்கும், வயிறும் அடங்கியிருக்கும். விலகியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். தலை தெளியாத நிலையில் இருட்டில் சைக்கிள் ஏறாததற்காகப் பாராட்டவே செய்வேன். ஆனால் முடிவெடுப்பதற்கு மிக மோசமான நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை வீட்டிலேயே முடிவுசெய்து எழுதிக்கொண்டு போக வேண்டும். என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: உட்கார்ந்த நிலையில் யாரும் விலகக் கூடாது. முதலில் படுக்க வேண்டும், 30 நிமிடம் கழித்து எழ வேண்டும், நாலு வாய் ஏதாவது சாப்பிட வேண்டும், அதன் பிறகும் விலகத் தோன்றினால் விலகலாம். பாதிப் பேருக்கு மேல் எழுந்து போய்விடுகிறார்கள்.

சரி, அந்த வாந்தி எங்கே தொடங்கியது? 310-இல் இல்லை. காலை ஏழு மணிக்கு, அந்தக் குழுவின் வாலைப் பிடித்தபோது தொடங்கியது.

காற்றை எதிர்ப்பதற்கு ஆகும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். தனியாக ஓட்டுபவர் மணிக்கு 23-இலிருந்து 27-க்குப் போக, காற்றுக்காக மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் செலவிட வேண்டும். குழுவின் பின்னால் ஒளிந்துகொண்டால் இது கணிசமாகக் குறையும், உண்மை. ஆனால் குழு ஒரே சீராகப் போவதில்லை. மேட்டில் யாரோ ஒருவர் எழுந்து நின்று மிதிப்பார், நீங்களும் மிதிப்பீர்கள். திருப்பத்துக்குப் பின் இடைவெளி விழும், அதை மூட மூச்சிரைக்க ஓட்டுவீர்கள். முன்னால் போய்க் காற்றை வாங்கும் முறை வரும்போது மானம் போகக் கூடாதென்று வேகத்தை மணிக்கு இன்னும் ஒரு கி.மீ. கூட்டிவைப்பீர்கள். உங்கள் இதயத் துடிப்புப் பதிவில் அந்த ஏழு மணி நேரமும் ரம்பப் பல்லாக நிற்கிறது.

அப்படி மிதிக்கும்போது உடல் இரத்தத்தைத் தசைக்குத் திருப்பிவிடுகிறது. வெயில் ஏறியதும் தோலைக் குளிர்விக்க இன்னொரு பங்கு போகிறது. குடலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்த நிலையில் இருக்கும் குடலுக்கு நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? இருபது நிமிடத்துக்கு ஒரு ஜெல் (சின்னப் பொட்டலத்தில் வரும் இனிப்புக் குழம்பு), கூடவே இனிப்பு பானம். ஒரு ஜெல்லில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து. பானத்தையும் சேர்த்தால் மணிக்கு நூறு கிராமைத் தாண்டுகிறது. குளுக்கோஸ் வகைச் சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டால் மணிக்கு 60 கிராம் அளவுக்கு மேல் குடல் உறிஞ்சாது. பழச் சர்க்கரையான பிரக்டோஸும் கலந்திருந்தால் அது வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் 90 வரை போகலாம். அதுவும் பழக்கப்பட்ட குடலுக்கு. உறிஞ்சப்படாத மிச்சம் அங்கேயே தங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டு குமட்டத் தொடங்கும். பிறகு 200-ஆம் கி.மீ.யில், பசியில், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறீர்கள். 240-இல் வெறுத்துப்போய் எதையும் தொடவில்லை. ஆனால் கைவலிக்கு இரண்டு இபுப்ரூஃபன் மாத்திரை போட்டிருக்கிறீர்கள்.

அந்த மாத்திரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். இபுப்ரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தும். உடலில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். பதினைந்து மணி நேரம் வியர்த்த பிறகு அதைப் போடுவது சூதாட்டம். நெடுந்தூரப் பயணப் பையில் அது இருக்கவே கூடாது என்பது என் கட்சி. மாத்திரை கேட்கும் அளவுக்கு வலி இருந்தால் அந்த வலி ஏதோ சொல்ல வருகிறது.

ஆக, உங்கள் பயிற்சியின் முதல் பாடம் சாப்பிடுவது. சிரிக்காதீர்கள். தசையைப் போலக் குடலும் பழக்கத்துக்கு வளைந்துகொடுக்கும் உறுப்பு. இன்று மணிக்கு 40 கிராமுக்கு முகம் சுளிக்கும் வயிறு, சில வாரம் விடாமல் பழக்கினால் 60-ஐ அமைதியாக ஏற்றுக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஓட்டத்திலும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், 40 கிராமில் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டி 60-இல் நிறுத்திக்கொள்ளலாம். பேசிக்கொண்டே போகும் வேகத்தில் ஓட்டுபவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. உடலில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து மொத்தம் 400 முதல் 500 கிராம். இரண்டாயிரம் கலோரிக்கு மேல் தேறாது. கொழுப்போ ஒல்லியானவரிடமும் பல நாளுக்குக் காணும். மெதுவாகப் போனால் உடல் கொழுப்பிலிருந்து அதிகப் பங்கை எடுக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட அந்தச் சின்ன உண்டியலை உடைக்கும். முதல் 200 கி.மீ.யில் நீங்கள் உடைத்தது அதைத்தான்.

பாதி ஜெல், பாதி நிஜச் சாப்பாடு என்று கலந்துவையுங்கள். வாழைப்பழம், ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, எது உங்கள் வாய்க்குப் பழக்கமோ அது. பத்து மணி நேரத்துக்குப் பிறகு நாக்கு இனிப்பை வெறுக்கத் தொடங்கும். இது எல்லோருக்கும் வரும். அப்போது உப்பான, மெல்லக்கூடிய ஏதாவது கையில் இல்லாவிட்டால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவீர்கள். இரவு உணவைப் பகலில் ஒத்திகை பார்க்க முடியாது என்பதால், வாரத்தில் ஒரு நாள் மாலை வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு உடனே சைக்கிள் ஏறுங்கள். சாப்பிட்ட வயிற்றோடு மிதிப்பது தனிக் கலை.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. மூன்று மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கடன் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அவ்வளவையும் அங்கேயே அடைக்க வேண்டியதில்லை. ஆனால் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. தாகமில்லாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, குமட்டல், பேச்சில் குழப்பம் என்று அது வளரும். வாந்தியோடு குழப்பமும் சேர்ந்தால் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் பதிவையும் கடிதத்தையும் பார்த்தவரை உங்களுடையது அந்த வகை இல்லை. இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விரல்கள். மரத்திருப்பது சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்று பின்குறிப்பில் இருக்கிறது. அப்படியானால் அல்நார் நரம்பு. உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில், அந்த நரம்பு ஒரு குறுகிய வழியாக நுழைகிறது. ஹேண்டில்பாரில் நாம் சாய்வது அந்த இடத்தின் மேல்தான். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களிடம் இது அவ்வளவு சகஜம் என்பதால் மருத்துவ நூல்களிலேயே சைக்கிளோட்டியின் பெயரில் ஒரு வாதநோய் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டால் கவலையில்லை. உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். வலக்கையில் தாள் எளிதாக நழுவினாலோ, தாளை விடாமலிருக்கக் கட்டைவிரல் நுனி தானாக மடங்கினாலோ, உணர்ச்சியோடு பலமும் போயிருக்கிறது. நழுவினாலும் நழுவாவிட்டாலும் இந்த வாரமே நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் எழுதும் வேறு எதையும் அதற்கு முன் தொடங்க வேண்டாம். 16 வாரத்தில் இரண்டு வாரம் போனால் குடிமுழுகிவிடாது.

மருத்துவர் சரியென்ற பிறகு சைக்கிளைத் திருத்துவோம். ஹேண்டில்பாரை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கும், வழுக்கும் எடையை எல்லாம் கைகள்தான் தாங்கும். புகைப்படத்தில் தெரியும் 25 மி.மீ. டயரை மாற்றி, ஃபிரேமில் இடம் இருந்தால் 30 அல்லது 32 மி.மீ. போட்டுக் காற்றைக் குறைத்துவையுங்கள். கல்லைப்போல் காற்றடித்தால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. கரடுமுரடான சாலையில் அந்த அதிர்வு உங்கள் உள்ளங்கையில்தான் போய் முடிகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். மறந்துபோகும், ஆகவே கருவியில் அலாரம் வையுங்கள்.

கையில் எடை விழுவதற்கு இன்னொரு காரணம் இடுப்புக்கு மேலே இருக்கிறது. முதுகும் வயிறும் களைத்தபின் உடற்பகுதியைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லாமல் கைகளை ஊன்றுகிறோம். கழுத்தின் கதையும் இதுதான். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ராம் போட்டி 1982-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதில் ஓட்டிய மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசைகள் முற்றாகக் கைவிட்டு, தலையை நிமிர்த்தவே முடியாமல் போயிற்று. இன்றுவரை அந்தக் கோளாறை ‘ஷெர்மர் கழுத்து’ என்றே சொல்கிறார்கள். 600-க்கு அந்த அளவு பயம் வேண்டாம். வாரம் இரண்டு முறை, 25 நிமிடம், குனிந்து எடை தூக்குவது, எடையை நெஞ்சுக்கு இழுப்பது, முழங்கை ஊன்றிப் பலகையாக நிற்பது, இவை போதும். கால்களுக்குத் தனியாக எதுவும் எழுதித் தரப்போவதில்லை. ஏமாற்றமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் 300 கி.மீ. என்ற யோசனையை மறந்துவிடுங்கள். ஒரு 300-இலிருந்து உடல் முழுவதும் தேற ஒரு வாரம் போதாது. தேறாத உடலின் மேல் அடுத்த 300-ஐ ஏற்றினால் வருவது வலிமை இல்லை, முழங்கால் வலியும் எரிச்சலும். வீட்டில் இருப்பது முகச்சுளிப்போடு நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்பது மணி நேரத்தை நான் இப்படிச் செலவிடுவேன். வாரநாளில் ஒரு நாள் மட்டும் கடுமை: நன்றாக உடல் சூடேறியபின், ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 20 நிமிடம், இடையே 10 நிமிட ஓய்வு, மறுபடியும் 20 நிமிடம். இன்னொரு நாள், நான் முன்பு சொன்ன சாப்பிட்டபின் ஓட்டம், ஒன்றரை மணி நேரம், மெதுவாக, இருட்டில். மீதி ஐந்து ஆறு மணி நேரம் சனி, ஞாயிறு. பெரும்பாலான வாரங்களில் அது ஒரே ஒரு நீண்ட ஓட்டம். விடிவதற்கு முன் மூன்று மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். குழந்தைகள் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். இருட்டில் ஓட்டும் பயிற்சியும் அதிலேயே அடங்கிவிடுகிறது, தூக்கத்தை அதிகம் இழக்காமல்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஏழு மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம். ஞாயிறு காலை சீட்டில் உட்காரும்போது உடல் போடும் சத்தம்தான் 600-இன் இரண்டாம் நாள். அதை வீட்டுக்குப் பக்கத்திலேயே சந்தித்துவிடலாம். நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். ஒன்பதாவது வாரத்தின் 400-ஐ முடித்தபின் பத்து நாளுக்குச் சைக்கிளை உடற்பயிற்சியாக நினைக்காமல் கடைக்குப் போகும் வண்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 600-க்கு முந்தைய இரண்டு வாரம் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்கி, அந்த ஒரு கடுமையான நாளைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வாரத்தில் எந்தப் பயிற்சியும் உங்களை வலிமையாக்காது, களைப்பாக்க மட்டும் முடியும்.

பவர் மீட்டர் வேண்டாம். நல்ல கருவிதான், ஆனால் உங்கள் குறைக்கு மருந்து இல்லை. முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், போதும். அந்தப் பணத்தை மேடேறுவதற்கு இன்னும் சின்ன கியர் கிடைக்கும்படி பின்சக்கரத்துப் பல்வட்டை மாற்றுவதற்கும், முன்சக்கரத்தில் டைனமோ விளக்கு பொருத்துவதற்கும் செலவிடலாம்.

தூக்கம். விழித்திருந்து பழக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. தூக்கத்தை இழந்து பழகியவர் என்று யாரும் இல்லை. இழந்ததை உணராமல் இருக்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள், சாலையில் அவர்கள் ஆபத்தானவர்கள். இரவு விழிப்பை ஒத்திகை பார்ப்பதற்குப் பதில், போட்டிக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். அந்தச் சேமிப்பு உண்மையிலேயே உதவுகிறது. இரவு இரண்டு மணிக்கு மேல் விடியும்வரை உடலின் வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம், கண் செருகுவதும் அப்போதுதான். 1891-இல் முதன்முதலாக நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் சார்ல்ஸ் டெரோன் 1,200 கி.மீ. தூரத்தைத் தூங்காமலே 72 மணி நேரத்துக்குள் ஓட்டி வென்றார். அது அவருடைய தொழில். நமக்கு மறுநாள் அலுவலகம் இருக்கிறது.

600-இல் ஒரு முழுத் தூக்கம் வையுங்கள்: 350-க்கும் 400-க்கும் இடையில், மூன்று மணி நேரம். அதற்கு வெளியே கண் சொக்கினால் 15 அல்லது 20 நிமிடக் குட்டித் தூக்கம். படுப்பதற்குச் சற்று முன் காபி குடித்தால் அது வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் ஒன்றாக வரும். ஆனால் பகலெல்லாம் காபி குடித்துவிட்டு இரவில் அது உதவவில்லை என்று புலம்பாதீர்கள். குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். எழுந்தபின் பத்து நிமிடத்துக்குத் தலை மந்தமாக இருக்கும், அந்த நேரத்தில் இறக்கத்தில் விடாதீர்கள். கடந்த ஒரு கி.மீ. நினைவில் இல்லை என்றாலோ, சைக்கிள் தானாகக் கோட்டைத் தாண்டி வந்தாலோ, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அடுத்த கண்ட்ரோல்வரை தள்ளிப்போடாதீர்கள். என் முதல் 600-இல் 20 நிமிடம் என்று படுத்து இரண்டரை மணி நேரம் தூங்கி, கெடுவைத் தவறவிட்டேன். கைபேசியைப் பைக்குள் வைத்திருந்தேன். இப்போது அதை நெஞ்சுச் சட்டைப்பையில், அதிரும்படி வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நிற்கும் நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நீங்கள் கடைசியில் நின்ற 4 மணி 20 நிமிடத்தில் ஓய்வு எவ்வளவு, தடுமாற்றம் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கண்ட்ரோலுக்கு ஐந்து கி.மீ. முன்பே வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: முத்திரை, தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு. அந்த வரிசையில் முடித்துப் புறப்படுங்கள். சாப்பாட்டின் பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டியபடியே முடிக்கலாம். சீட்டுப் புண்ணைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்பதால் அந்தப் பாக்கியம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். 600-இல் மட்டும் பாதி வழியில் கழுவித் துடைத்து வேறு கால்சட்டைக்கு மாறிவிடுங்கள்.

இனி ஒன்பதாவது வாரத்தின் 400. ஒரு சிறு தாளில் பெரிய எழுத்தில் ‘200 = 3.30’ என்று எழுதி ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் இடையில் உள்ள குழாயில், கண்ணில் படும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்குப் புறப்பட்டால், பிற்பகல் மூன்றரைக்கு முன்பு 200-ஆம் கிலோமீட்டரை நீங்கள் அடையக் கூடாது. முன்னால் வந்துவிட்டால் சாலையோரம் நிழலில் உட்கார்ந்து மூன்றரை ஆகும்வரை ஏதாவது சாப்பிடுங்கள். போன முறை நீங்கள் துரத்திய குழு அப்போது வெகுதூரம் போயிருக்கும். அவர்களில் ஒருவரையாவது இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு கண்ட்ரோலின் திண்ணையில் சந்திப்பீர்கள். அவருக்கு உப்பான ஏதாவது கொடுத்து, படுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். தாள் இழுக்கும் சோதனையும் மருத்துவர் சொல்வதும் என்ன ஆயிற்று என்று மட்டும் அதற்கு முன்பே எழுதுங்கள்.